பஞ்சுவின் குரல்

கொஞ்சம் பொறுங்கள், சிரிப்பு வரும். வயிறு புண்ணாகிற அளவுக்கு வரும். அதற்கு முன்னால் சுத்தியலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

சுத்தியல் என்பது ஆன்லைன் விளையாட்டில் அவன் வைத்துக்கொண்ட பெயர். என் பெயர் கிளி. யார் குரல் வேண்டுமானாலும் எனக்கு வரும். அம்மா குரலில் "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டு, அடுப்பே பற்ற வைக்காத சமையலறைக்கு அப்பாவை ஓடிவர வைத்தவன் நான்.

விளையாட்டு இதுதான்: நாலு பேர் ஓர் அணி. பாழடைந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து, உள்ளே அலையும் உருவத்திடம் சிக்காமல் வெளியே வர வேண்டும். ஆளுக்கொரு மைக். வழியைப் பார்த்தவர் மற்றவர்களுக்குச் சட்டென்று சொல்ல வேண்டும்.

போன மாதம் எங்கள் அணியில் பஞ்சு என்றொரு பெண் இருந்தாள். பெயருக்கேற்ற குரல். "வலது" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "வ... வ..." என்று திக்கிவிட்டாள். சொல் வந்து சேர்வதற்குள் நாலு பேரும் காலி.

"வ வ வ... என்ன, வண்டி ஸ்டார்ட் ஆகலையா? தள்ளி விடணுமா?" என்றான் சுத்தியல், மைக்கில்.

அதற்குப் பிறகு பஞ்சு வரவில்லை. என்ன ஆனாள் என்று யாருக்கும் தெரியாது.

புகார் கொடுத்தவன் நான்தான். திக்கிப் பேசுகிறவர்களைக் கேலி செய்வது எனக்கு அறவே பிடிக்காது. விளையாட்டுக் கம்பெனி அவனுக்குக் கடைசி எச்சரிக்கை விட்டது. இன்னும் ஒரே ஒரு கெட்ட வார்த்தை மைக்கில் விழுந்தால் போதும், வருஷக்கணக்காக ஆடிச் சேர்த்த அத்தனையோடும் அவன் கணக்கை மூடிவிடுவார்கள்.

"அந்த ஒரு வார்த்தையை அவன் வாயிலேருந்து நாம பிடுங்கணும்," என்றேன் கொக்கியிடம். கொக்கி என் சித்தி மகன். என் அறையில் உட்கார்ந்துதான் ஆடுவான்.

"எங்கடா பிடுங்குறது? அவன் இப்பல்லாம் வாயில பிளாஸ்திரி போட்ட மாதிரி இருக்கான்."

"பஞ்சு வந்து பிடுங்குவா."

சிரிப்பு இன்னும் வரவில்லையா? வரும், வரும்.

பஞ்சு என்ற பெயரில் ஒரு புதுக் கணக்கைத் திறந்தேன். அந்தத் திக்கல் லேசுப்பட்டதில்லை. கீழுதட்டில் பல் பதியும். மூச்சு முட்டும். சொல் வாசல் வரைக்கும் வந்து, செருப்பை மாட்டாமல் உள்ளே திரும்பிப் போகும். கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பழகி, கடைசியில் எனக்கே உடம்பு சிலிர்த்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜன்னலைச் சாத்தினோம், கொக்கியின் மைக்கை அணைத்தோம். ஆட்டத்தில் சுத்தியல், கொக்கி, பஞ்சுவாக நான், அப்புறம் நிழல் என்று யாரோ ஒரு புது ஆள். நிழலின் மைக் அணைந்தே கிடந்தது. சுத்தியலின் முதுகை விட்டு நிழல் விலகவே இல்லை.

இருட்டு வராந்தா. எங்கோ தண்ணீர் சொட்டியது.

"வ... வ... வலது பக்கம்..." என்றேன்.

சுத்தியல் நின்றான். நிழலும் நின்றது.

"யாரு?"

"நா... நான்தான். அன்னிக்கு வ... வழி சொல்ல முடியலயே. இ... இன்னும் உள்ளயேதான் இருக்கேன். வ... வெளிய வரவே இல்ல."

கொக்கி தலையணையைக் கடித்துக்கொண்டான்.

அப்புறம் சுத்தியல் மெதுவாகச் சொன்னான்: "பயப்படாத. நான் பக்கத்துலயே இருக்கேன்ல. நட."

நான் மைக்கை மூடினேன்.

"தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கிறான்டா," என்றான் கொக்கி. "இன்னும் ரெண்டு போடு, கொட்டிடுவான்."

திறந்தேன். "வ... வண்டி ஸ்டார்ட் ஆகல. த... தள்ளி விட வ... வரியா?"

"போதும்." என்றான் சுத்தியல். "காலில வேணா விழறேன். நிறுத்து."

மறுபடியும் மூடினேன்.

"பேய்கிட்டயே கெஞ்சுறான் பாரு. ஆனா வார்த்தை வரலையே?"

"வ... வ... வரும்டா," என்றேன் பஞ்சு குரலிலேயே. கொக்கி கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தான். நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். நான் சொன்ன சிரிப்பு இதுதான்.

"வ..."

கொக்கி நிமிர்ந்தான். "மைக் மூடியிருக்குல்ல? ஏன்டா இன்னும் பேசுற?"

நான் பேசவில்லை. கையால் வாயைப் பொத்திக் காட்டினேன்.

"வ... வேண்டாம்ணா. நா... நாம போயிடலாம்."

பல் பதிகிற அதே இடம். மூச்சு முட்டுகிற அதே முட்டல். திரையில் நிழலின் மைக் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"அவளைத் தேடிப் பிடிச்சு, மன்னிப்புக் கேட்டு, கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிட்டு வந்தேன்," என்றான் சுத்தியல். "வேற பேர்ல வா, பேசவே வேண்டாம், என் பின்னாடி நடந்தா போதும்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்."

மைக் பச்சையிலிருந்து அணைந்தது. நிழல் திரும்பி, வந்த வழியே நடந்து, ஆட்டத்திலிருந்தே மறைந்தது.

இப்போது வரும் அந்த வார்த்தை என்று கொக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அதைச் சொல்லச் சுத்தியலுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

"கிளி, நீதானே? இவ்வளவு அச்சு அசலா வேற யாருக்கும் வராது," என்றான் சுத்தியல். "நான் விட்டதை நீ எதுக்குடா எடுத்த?"