கூப்பிடு தூரம்

"பிரஷர் மாத்திரை பீரோ மேல்தட்டுல இருக்கு. கேஸ் தீர்ந்தா நீங்களா மாட்டாதீங்க, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க," என்றபடி மனைவி பெட்டியை மூடினாள்.

"பிறந்த வீட்டுக்குப் போறதுக்கு இவ்வளவு பாடமா? மொட்டை மாடியில நின்னா உங்கம்மா துணி காயப்போடறதே தெரியும். கூப்பிடு தூரம்," என்று கணவன் சிரிக்கப் பார்த்தான்.

அவள் சிரிக்கவில்லை. "தண்ணி மோட்டாரை மறக்காம நிறுத்துங்க."

ஆற்றுப்பாலம் வரை பெட்டியை அவனே சுமந்து வந்தான். புதிதாக முளைத்திருந்த கம்பித் தடுப்பில் காவலர் மறித்தார்.

"அவங்க மட்டும் போகலாம். போனா திரும்பி வர முடியாது."

"கட்டிக்கிட்டு வந்து இருபது வருஷம் ஆச்சு தம்பி," என்றான் கெஞ்சலாக.

"அக்கரையில பிறந்தவங்க யாரும் இனி இங்க இருக்கக் கூடாதாம் சார். புது நாடு, புதுச் சட்டம்." அப்போதுதான் காவலர் அவன் முகத்தைப் பார்த்தார். "அண்ணே, நீங்களா? தனி நாடாப் பிரியணும்னு நீங்க மேடையில பேசினதைக் கேட்டுத்தானே எங்க தெருவே ஓட்டுப் போட்டுச்சு."

கணவன் தலைகுனிந்தான். அவன் கையிலிருந்த பெட்டியை மனைவி வாங்கிக்கொண்டாள்.

"நானும்தான் போட்டேன் தம்பி," என்றாள்.