மஞ்சள் கோட்டுக்குள்

வைக்கோலும் சாக்கும் சுற்றி ரயிலில் மாநகரத்துக்கு வந்த பைக் ஒன்றை, அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் மஞ்சள் கோட்டுக்குள் நிறுத்தினார்கள். பக்கத்தில் உறை போர்த்திய ஸ்கூட்டர் ஒன்று நின்றது.

"வேலைக்கு வந்தவரோட வண்டியா? மூணே மாசம். உன்னை வித்துட்டு மெட்ரோவுல போவாரு" என்றது ஸ்கூட்டர்.

"எங்க இசக்கிராஜ் அப்படிச் செய்ய மாட்டாரு அக்கா."

"அவருக்கு மாடியில எவ்வளவு இடம்?"

"ஆறு பேர் ரூமுல ஒரு மேல்கட்டில். நிமிர்ந்து உட்கார்ந்தா ஃபேன் தலையில தட்டும்."

"உனக்கு?"

பைக் சுற்றிலும் பார்த்தது. தனி இடம், அதற்கு ஓர் எண், மேலே கேமரா, வாசலில் வாட்ச்மேன். "கொஞ்சம் தாராளம்தான்" என்று இழுத்தது.

"அப்ப வாடகையை மிச்சம் பிடிக்க யாரைக் காலி பண்ணணும்னு நீயே சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை மாலை இசக்கிராஜ் இறங்கி வந்து, பைக்கைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான்.

"விக்கிறவங்கதான் இப்படி எடுப்பாங்க" என்றது ஸ்கூட்டர். பைக்குக்கு டயரில் காற்று இறங்கியது போலிருந்தது.

அவன் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஊருக்குப் போன் போட்டான்.

"படம் வந்துச்சாம்மா? நான் இருக்கிற இடம் இதான். நல்ல காத்தோட்டம், கேமரா, வாட்ச்மேன் எல்லாம் இருக்கு... வண்டியவா? வித்துட்டா நான் எங்கம்மா உட்கார?"

பிறகு டேங்கின்மேல் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தான். சாம்பார் சிந்தாமலிருக்க பைக் ஆடாமல் நின்றது.