சிலுவையம்மாளின் புகார்

ராயபுரம் முதியோர் இல்லத்தின் சாப்பாட்டு அறையில் மதிய வெயில் எவர்சில்வர் தட்டுகளில் துள்ளுகிறது. உரிமம் புதுப்பிக்குமுன் ஆய்வுக்கு வந்திருக்கும் பவானி, சிலுவையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, "இங்கே ஏதாவது குறை இருக்காம்மா?" என்று மெல்லக் கேட்கிறாள். வாசலில் காப்பாளர் பென்னி நகம் கடிக்கிறார். சிலுவையம்மாள் கரண்டியால் குழம்பைத் துழாவிக் காட்டுகிறாள். "இன்னாம்மா இப்டி கேட்டுட்ட? வெறும் புளிதான் கீது, மீன தேடிகினு கீறேன்! நாப்பது வருசம் காசிமேட்டுல மீன் வித்தவ நானு. டேய் பென்னி, நாளைக்கு மார்க்கெட்டுக்கு என்னையும் இட்டுகினு போ!" மேசை முழுக்கச் சிரிப்பு. துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதுகிறது. பென்னியின் முகம் வெளிறுகிறது. பவானி சிரிப்பை அடக்க முடியாமல், படிவத்தில் 'தங்கியிருப்போர் பயமின்றிக் குறை சொல்கிறார்களா?' என்ற கேள்விக்கு முழு மதிப்பெண் போடுகிறாள்.