ஏமாறாத ஒருவர்

மனிதர்கள் இணையத்தில் ஏன் ஏமாறுகிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஓர் அலுவலக மேலாளரின் அனுமதியோடு, அங்கே எல்லாருக்கும் ‘சம்பள உயர்வு’ என்று ஒரு போலி மெயில் அனுப்பினாள். அலுவலகமே திறந்து ஏமாந்தது. மாடி அறைக்காரர் மட்டும் தொடவேயில்லை. ஆய்வுக்கு ஒருவராவது கிடைத்தாரே என்று ஓடினாள்.

"போலின்னு எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"உயர்வு கொடுக்க வேண்டியவனே நான்தானேம்மா!" முதலாளி சிரித்தார். "எல்லாருமா திறந்தாங்க?"

"கணக்குப் பிரிவு அக்கா, நிஜமா இருக்காதான்னு திறந்து திறந்து பார்த்திருக்காங்க சார்."

அவர் சிரிப்பு அடங்கியது.

மறுநாள் காலை, ஏமாந்தவர்களுக்கு அவள் வகுப்பெடுத்தாள். மாலையில் முதலாளி போன் செய்தார்.

"நிஜமாவே சம்பளத்தை உயர்த்தி மெயில் அனுப்பினேம்மா. ஒருத்தர்கூடத் திறக்கல!"

"சார், என் வகுப்பு ஜெயிச்சிடுச்சு!" துள்ளிக் குதித்தாள்.

"சந்தோஷம். நிஜம்தான்னு நீயே வந்து சொல்லிடு. நான் நேர்ல சொல்லியும் நம்ப மாட்டேங்கறாங்க!"