மூன்றாவது தட்டு

மெர்டில் மூன்று தட்டுகளைக் கழுவி மேஜையில் வைத்தாள். கணவர் எல்ரிக் மூன்றாவது தட்டையே பார்த்தார். மகன் கார்லன் மீன்பிடிக்கப் போன படகு திரும்பாமல் இன்றோடு ஏழு வாரம். ஒரு ஞாயிறுகூட அவள் அவன் தட்டை விட்டதில்லை.

நேற்று, படகின் பெயர் எழுதிய பலகை கரை ஒதுங்கியிருந்தது. பலகை வந்தால் ஆள் வரமாட்டான் என்பது காரியக்கூ தீவில் எல்லோருக்கும் தெரியும். எல்ரிக் அதை யாரும் பார்க்கும் முன் தூக்கி வந்து, விறகுக் கொட்டகையில் பழைய வலைகளுக்கு அடியில் ஒளித்திருந்தார்.

இன்று சாப்பிட்டதும் சொல்லிவிட வேண்டும். ஆனால் எந்த வாயால் சொல்வது?

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு ஷெர்மா குரல் கொடுத்தாள். "அக்கா, பெரிய சட்டிய எப்பத் தருவே? நாளைக்கு எங்கப்பாவுக்குப் படைக்கணும். செத்தவங்க சோத்துல உப்பே படக்கூடாது, நல்லாத் தேச்சுக் குடு."

"தேய்க்கவே வேணாம். சாயங்காலம் வந்து எடுத்துக்கோ."

அந்தச் சட்டியில் சீமைப்பலாவும் வாழைக்காயும் சேம்பு இலையும் தேங்காய்ப்பாலில் வெந்து, மஞ்சளாக எண்ணெய் கக்கியிருந்தன. கார்லனுக்கு இதென்றால் உயிர். அவன் தட்டில்தான் முதலில் பரிமாறினாள்.

"விறகு யாரு எடுத்து வந்தா? அது என் வேலையாச்சே" என்றார் எல்ரிக்.

"நீங்க அசந்து தூங்கினீங்க. நானே போய் எடுத்தேன்."

"உப்பு மீன் போடலையா?"

"இன்னிக்கு வேணாம்னு விட்டுட்டேன்."

எல்ரிக் ஒரு வாய் வைத்தார். சப்பென்று இருந்தது. முப்பது வருஷத்தில் அவள் கை உப்பு ஒருநாளும் தப்பியதில்லை.

பாவம், மகனையே நினைத்துக்கொண்டு உப்பையே மறந்துவிட்டாள். இவளிடம் போய்ப் பலகையைப் பற்றிச் சொன்னால் தாங்குவாளா? இன்னும் ஒரு வாரம் நம்பிக்கொண்டிருக்கட்டும் என்று முடிவு செய்தார்.

கையை நீட்டி உப்புக் கிண்ணத்தை எடுத்தார். நடுவிலிருந்த கார்லனின் தட்டைத் தாண்டும்போது மெர்டில் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பாத்துங்க, அவன் தட்டுல உப்பு விழுந்துடப்போவுது."