மூன்று செம்புத் தண்ணீர்

மூன்றாவது செம்புத் தண்ணீரையும் வடிவம்மாளைக் குடிக்க வைத்தேன்.

"முட்டுது தாயி. இனி தாங்காது."

"முட்டட்டும். இன்னும் பத்து நிமிசம் அடக்கிக்கிடுங்க."

நேற்று இதே கட்டிலில் இவளைப் படுக்கவைத்து டாக்டர் பால்வண்ணநாதன் ஸ்கேன் எடுத்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பிள்ளைக்குத் துடிப்பு இல்லை, நாளைக்கு நான்கு மணிக்கு லேடி டாக்டர் வந்து கர்ப்பப்பையைச் சுத்தம் பண்ணிவிடுவார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து உண்டானவள். புருஷன் சொரிமுத்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

இப்போது மணி மூன்று. டாக்டர் விருந்தாளிகளோடு ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருந்தார். சாரல் காலத்தில் தென்காசியில் டாக்டராக இருந்தால் விருந்தாளிக்குப் பஞ்சமே இல்லை. இன்னொரு தடவை பார்க்கலாமா சார் என்று காலையில் கேட்டேன். படிக்க வந்தவள் படிக்கிற வேலையை மட்டும் பார் என்றார்.

1987. ஆறு மாதப் பயிற்சியில் எனக்குப் பாக்கி பதினேழு நாள். சர்டிபிகேட் இல்லாமல் எந்த ஊரிலும் என்னை ஸ்கேன் வேலைக்குச் சேர்க்கமாட்டார்கள். டாக்டர் பக்கத்தில் இல்லாமல் மிஷினைத் தொட்டால் அன்றைக்கே வீட்டுக்குப் போகவேண்டியதுதான். முதல் நாளே சொல்லியிருந்தார்.

மற்றபடி என் வேலை தண்ணீர் கொடுப்பது. மூத்திரப்பை நிரம்பியிருந்தால்தான் கர்ப்பப்பை திரையில் தெளிவாகத் தெரியும். இதை எங்கள் பெண்களிடம் சொல்லி ஜெயிக்கமுடியாது. கொடுத்த தண்ணீரை எல்லாம் குடித்துவிட்டு, பேர் கூப்பிட்டதும் கொல்லைப்பக்கம் ஓடிப்போய் வந்துவிடுவார்கள். டாக்டர் முன்னால் அடக்கிக்கொண்டு படுப்பது மரியாதை இல்லையாம். அதனால் ஒவ்வொருத்தியிடமும் கேட்டு, நிரம்பியிருக்கிறதா இல்லையா என்று சீட்டில் எழுதிக் கொடுக்கவேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் உட்காருவார்.

கதவைச் சாத்தினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஜெல் பட்டதும் வடிவம்மாள் நெளிந்தாள். அமுக்கினால் இங்கேயே போய்விடும் என்றாள். போனால் போகட்டும், கழுவிக்கொள்ளலாம் என்றேன்.

திரையில் மூத்திரப்பை கறுப்பாகத் தெரிந்தது. அதற்குக் கீழே கர்ப்பப்பை. அதற்குள்ளே ஒரு மொச்சை அளவுக்குப் பிள்ளை. அதன் நடுவில் ஒரு பொட்டு, விடாமல் துடித்துக்கொண்டிருந்தது.

மூன்று தடவை பார்த்தேன். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

கார் வந்து நின்றது. அருவியில் குளித்தும் தலையில் தேய்த்த எண்ணெய் போகாமலே டாக்டர் உள்ளே வந்தார்.

"உன்னை யாரு தொடச் சொன்னது?"

"யாரும் சொல்லலை சார். மொதல்ல இதப் பாருங்க. பொறவு திட்டுங்க."

நான் எழுந்திருக்கவில்லை. அவர் நின்றபடியே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் மேஜையில் துழாவி நேற்றைய சீட்டை எடுத்தார். 'நிரம்பியிருக்கிறது' என்று அதில் எழுதியிருந்தது. அவருக்கு உயிர் வந்துவிட்டது.

பொய்யா சொன்னாய் என்று வடிவம்மாளைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டார். அவள் தப்பு தன்னுடையதுதான் என்பதுபோல் கையெடுத்துக் கும்பிட்டாள். அதை என்னால் பார்க்கமுடியவில்லை.

"அவுக பொய் சொல்லலை சார். கொல்லைக்குப் போயிட்டு வந்துட்டேன்னுதான் நேத்து எங்கிட்ட சொன்னாவ. வெளிய ஒங்க விருந்தாளிக ஹாரன் அடிச்சிக்கிட்டு இருந்தாவ, நீங்க சீக்கிரம் சீக்கிரம்னிய. நான்தான் பயந்துபோயி அப்படி எழுதுனேன்."

வடிவம்மாள் என்னையே பார்த்தாள். மூன்று செம்புத் தண்ணீரையும் அடக்கிக்கொண்டு இன்னமும் அப்படியே படுத்திருந்தாள்.

டாக்டரைக் கேட்காமல் அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

"இப்பம் போயிட்டு வாங்க," என்றேன்.