குழாய்க்கு எதிர்ப்பக்கம்

தீயை நான் இவ்வளவு நிதானமாகப் பார்த்ததில்லை.

ஷெட்டில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் ஒரு வெள்ளைக் கீற்று, அவ்வளவுதான். மாடியில் இருக்கும் இன்ஜினியர் மேடத்தின் கம்ப்யூட்டரில், கணக்குப் போட்டு வரைந்த படமாக, அதே தீ நடுவில் வெள்ளை, சுற்றி மஞ்சள், ஓரத்தில் சிவப்பு என்று ஆற அமர நின்றது.

பிளாஸ்மா துப்பாக்கி என்போம். வாயு தீயாகிப் பாயும். பக்கவாட்டில் ஒரு சின்னக் குழாய் உலோகப் பொடியை அதற்குள் ஊதும். பொடி உருகி, எதிரே சுழலும் இரும்புத் தண்டில் போய் ஒட்டும்.

பக்கத்தில் ஆள் நிற்க இரண்டு இடம். பொடிக்குழாய் இருக்கிற பக்கம் தூசி பறக்கும், அது கெட்ட பக்கம். எதிர்ப்பக்கம் நல்ல பக்கம். இது ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். நல்ல பக்கம் மூத்தவனுக்கு, அதாவது எனக்கு. கெட்ட பக்கத்தில் என் மச்சினன்.

திங்கட்கிழமை என்னை வாசல் கேட்டுக்கு மாற்றுகிறார்கள். என் இடத்தை மச்சினன் ஒற்றைக் காலில் நின்று வாங்கிவிட்டான். "இனிமேலாச்சும் நிம்மதியா மூச்சு விடுறேன் மாமா" என்றான்.

அவன் அங்கே நிற்கலாமா என்று கேட்கத்தான் மாடி ஏறி வந்தேன்.

மேடம் மவுஸைத் தட்டினார். குழாயிலிருந்து புள்ளிகள் கிளம்பின. மெதுவாக வந்தவை தீயின் மேலேயே வழுக்கிக்கொண்டு ஓடின. அளவாக வந்தவை நடுவில் புகுந்து உருகின.

"நாங்க ஊதுற வேகத்தப் போடுங்க மேடம்."

குழாய் அடைத்துக்கொள்ளுமே என்று நாங்கள் எப்போதும் வால்வை ஒரு பிடி கூடத்தான் திறப்போம்.

அவர் எண்ணை மாற்றினார். புள்ளிகள் தீயை மதிக்கவே இல்லை. குறுக்கே கிழித்துக்கொண்டு, பாதி வெந்து, புகையை இழுத்தபடி எதிர்ப்பக்கம் வெளியே வந்தன.

மேடம் நாற்காலியைத் திருப்பினார். "இந்தப் பக்கம் யாருண்ணே நிப்பாங்க?"

"திங்கட்கிழமையிலேர்ந்து என் மச்சினன். நான் சொன்னா, எடத்த விட மனசில்லாம பேசுறேன்னுவான். நீங்களே காட்டிருங்க."

"கூட்டிட்டு வாங்க. வால்வையும் இன்னைக்கே குறைக்கச் சொல்றேன்."

எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தேன். இன்னொரு தரம் ஓட்டச் சொன்னேன். ஒரே ஒரு புள்ளியை விரலால் பின்தொடர்ந்தேன். குழாய், தீ, எதிர்ப்பக்கம். திரையில் படத்தின் ஓரம் வந்ததும் காணாமல் போனது.

"அப்புறம் எங்க போவும்?"

"அதுக்கு மேல கணக்குல இல்லண்ணே."

அதற்கு மேல் நான் பார்த்திருக்கிறேன். போன வாரம் டாக்டர் என் நெஞ்சு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது.